"சோறு போட்ட கம்பெனி மேல் வழக்கா?": டீசல் புகையும் புற்றுநோயும் குறித்து ஒரு ரயில் தொழிலாளியின் மகளுக்குப் பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய ரயில் நிறுவனத்தின் டீசல் எஞ்சின் பணிமனையில் 1987 முதல் 2018 வரை மெஷினிஸ்டாக வேலை செய்தார். இப்போது வட கரோலினாவில் எங்களுடன் இருக்கிறார். 2023 செப்டம்பரில் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ஒரு சிறு முடிச்சு தெரிந்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். 2024 மார்ச்சில் அது புற்றுநோய் என்று உறுதியானது. அப்பா பன்னிரண்டு ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர், 1999இல் விட்டுவிட்டார். 2018இல் முன்கூட்டியே ஓய்வு பெற ஒரு தொகை கொடுத்து நிறுவனம் ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறது. சென்ற மாதம் நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அப்பாவிடம் சற்றுப் பேச வேண்டும் என்று அன்பாகக் கேட்டார். நாங்கள் இழப்பீடு கோர முடியுமா? சிகரெட், பத்திரம் இரண்டும் தடையாகுமா? இங்கேயே வழக்குப் போடலாமா? அப்பாவோ, "முப்பத்தோரு வருஷம் சோறு போட்ட கம்பெனி மேலே கேஸ் போடச் சொல்றியா?" என்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

தங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விகள் பல இருந்தாலும், அவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு தேதி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ரயில் தொழிலாளர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆளும் கூட்டாட்சிச் சட்டம், உரிமை பிறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது. விபத்தில் கை போனவருக்கு அந்த நாள் எது என்பதில் ஐயமில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் மூச்சோடு உள்ளே போன புகையால் வந்த நோய்க்கு அந்த நாள் எது? தனக்கு நோய் இருக்கிறது என்பதும், அதற்கு வேலை காரணமாக இருக்கலாம் என்பதும் தொழிலாளிக்குத் தெரியவந்த நாள், அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய நாள் என்று நீதிமன்றங்கள் கொள்கின்றன. 1949இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூரி எதிர் தாம்ப்சன் வழக்கில் இதற்கு அடித்தளம் இட்டது. நீராவி எஞ்சினில் தீயிடுபவராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேலை செய்த ஒருவருக்கு, சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலின் தூசியால் நுரையீரல் கெட்டது. அவருக்கே தெரியாமல் கழிந்த ஆண்டுகளைக் காட்டி உரிமையைப் பறிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. விபத்துக் காயத்தோடு மெல்ல வளரும் தொழில்நோயும் இச்சட்டத்துக்குள் வரும் என்று நிலைநாட்டியதும் அதே தீர்ப்புத்தான்.

தங்கள் தந்தையார் விஷயத்தில், புற்றுநோய் என்று உறுதியான 2024 மார்ச்சிலிருந்து கணக்கிட்டால் 2027 மார்ச் வரை காலம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் மருத்துவக் குறிப்புகளை வரி வரியாகப் படிப்பார்கள். 2023 செப்டம்பர் ஸ்கேனில் முடிச்சைக் கண்ட மருத்துவர், "தொழில்: ரயில்வே, டீசல்" என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும், கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது என்று வாதாடுவார்கள். அந்த வாதத்தை முறியடிக்கலாம் என்றே நினைக்கிறேன். ஒரு முடிச்சு புற்றுநோய் ஆகிவிடாது. எனினும் வெல்லக்கூடிய வாதம் என்பதற்காக உரிமையைப் பணயம் வைக்கத் தேவையில்லை. 2026 செப்டம்பரையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பல மாதங்கள் முன்பே வழக்கறிஞர் கையில் கோப்பு இருக்கட்டும். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவதோ, பேச்சுவார்த்தை நடப்பதோ இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. நீதிமன்றத்தில் மனு பதிவானால்தான் நிற்கும்.

இனி, எந்தச் சட்டம் என்ற கேள்வி. மற்றத் தொழிலாளர்களுக்கு மாநில அளவில் உள்ள 'வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன்' திட்டம் ரயில் நிறுவனத் தொழிலாளர்களுக்கு இல்லை. அவர்களுக்கென்று 1908இல் இயற்றப்பட்ட, சுருக்கமாக 'ஃபெலா' என்று அழைக்கப்படும் கூட்டாட்சிச் சட்டமே உண்டு. மாநிலத் திட்டத்தில் நிறுவனத்தின் தவறைக் காட்ட வேண்டாம். தொகையும் அட்டவணைப்படி சிறிதாக இருக்கும். ஃபெலாவில் நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தால், வலிக்கும் வேதனைக்கும் சேர்த்து முழு இழப்பீட்டையும் ஜூரி தீர்மானிக்கும். கவனக்குறைவுக்கும் நோய்க்கும் இடையில் காட்ட வேண்டிய தொடர்பை இச்சட்டம் பெரிதும் தளர்த்தியிருக்கிறது. நிறுவனத்தின் கவனக்குறைவு "முழுமையாகவோ ஓரளவோ" காரணமாக இருந்தால் போதும் என்பது சட்டத்தின் சொற்கள். மிகச் சிறிய பங்காக இருந்தாலும் போதும் என்று 1957இல் ராஜர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறியது. 2011இல் மெக்பிரைட் வழக்கில் அதையே மீண்டும் உறுதிசெய்தது. "ஓரளவு" என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான் தங்கள் தந்தையாரின் வழக்கு நிற்கும்.

சிகரெட் பற்றிய தங்கள் அச்சத்துக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது சிகரெட்டைத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் புகைத்தவர், அதுவே முழுக் காரணம் என்பார்கள். அதை ஜூரி ஏற்றால் வழக்கு தோற்கும். இதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் புகைத்தார் என்பதாலேயே வழக்கு தள்ளுபடி ஆகாது. தொழிலாளியின் பங்கும் இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும், அவ்வளவே. 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஏயர்ஸ் வழக்கில், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரல் நோய்வாய்ப்பட்ட ஆறு தொழிலாளர்களுள் மூவருக்கு, புகைபிடித்ததற்காகத் தொகை குறைக்கப்பட்டது. அவர்களுடைய பங்கு கழிக்கப்பட்ட பின்னும், வேறு நிறுவனங்களிடம் பெற்ற தொகை கழிக்கப்பட்ட பின்னும், ஆறு பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 49 லட்சம் டாலருக்குத் தீர்ப்பானது. இன்னொன்றும் உண்டு. கல்நாரும் சிகரெட்டும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாகிறது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. தந்தையார் பழைய எஞ்சின்களின் கேஸ்கெட்டுகளைச் சுரண்டி எடுத்தாரா, குழாய்களின் மேல் சுற்றியிருந்த வெள்ளை உறையைப் பிரித்தாரா, பிரேக் கட்டைகளின் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதினாரா என்று கேளுங்கள். கல்நார் இருந்திருக்கக்கூடிய இடங்கள் இவை. ஆம் என்றால், "சிகரெட்தான்" என்ற வாதம் நிறுவனத்துக்கே இருமுனைக் கத்தி ஆகிவிடும்.

டீசல் புகைக்கு வருவோம். அறிவியல் தரப்பில் தங்கள் நிலை வலுவானது. 1988இல், அதாவது தந்தையார் வேலையில் சேர்ந்த மறு ஆண்டே, அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், டீசல் புகை புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்று வெளிப்படையாக அறிவித்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதே 1988இல் அதை "அநேகமாகப் புற்றுநோய் தருவது" என்ற வகையிலும், 2012 ஜூனில் ஐயத்துக்கு இடமில்லாத முதல் வகையிலும் வைத்தது. இதற்கு ஆதாரமான ஆய்வுகளுள் முக்கியமான சில ரயில் தொழிலாளர்களையே வைத்துச் செய்யப்பட்டவை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 55,000 அமெரிக்க ரயில் தொழிலாளர்களின் 1959 முதல் 1996 வரையிலான பதிவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவில், ரயில்களில் டீசல் புகைக்கு ஆளானவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆக, "அப்போது யாருக்குத் தெரியும்?" என்று நிறுவனம் கேட்டால், 1988க்குப் பின்னான முப்பது ஆண்டுகளுக்கு அந்தக் கேள்வி எடுபடாது.

ஆனால் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இந்தப் பொது உண்மையில் அல்ல. டீசல் புகை புற்றுநோய் தரும் என்பது ஒன்று. இந்த மனிதர், இந்தப் பணிமனையில், இத்தனை ஆண்டுகள், இவ்வளவு புகையை உட்கொண்டார், அதுவே இவருடைய நோயில் பங்கு வகித்தது என்பது வேறொன்று. இரண்டாவதை மெய்ப்பிக்க ஒரு தொழில்சுகாதார வல்லுநரும் ஒரு மருத்துவரும் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களின் முறை அறிவியலுக்கு உகந்ததா என்று, கூட்டாட்சி நீதிமன்றமானால் உச்ச நீதிமன்றத்தின் 1993 டாபர்ட் தீர்ப்பின்படியும், இல்லினாய் மாநில நீதிமன்றமானால் அம்மாநிலத்தின் சொந்த அளவுகோலின்படியும், நீதிபதி முதலில் சோதிப்பார். வல்லுநர் வெறுமனே "பணிமனையில் புகை இருந்தது" என்று சொன்னால் அந்தச் சாட்சியம் விலக்கப்படும். அத்துடன் வழக்கும் முடியும். காரணத் தொடர்பைச் சட்டம் தளர்த்தியிருப்பது உண்மை. ஆனால் அறிவியல் சாட்சியத்தின் தரத்தை அது தளர்த்தவில்லை. இந்த வேறுபாட்டைப் பல குடும்பங்கள் காலம் கடந்தே உணர்கின்றன.

அந்தக் கணக்கைப் போட வல்லுநருக்குத் தேவையானவை பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் இருப்பதில்லை. அவை தங்கள் தந்தையாரின் நினைவில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஒரு மெஷினிஸ்டிடம், "புகை அதிகமாக இருந்ததா?" என்று கேட்டேன். "இருக்கும் சார், எஞ்சின் ஷெட்தானே" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஷெட்டை வரையச் சொன்னேன். முதலில் மூன்று தண்டவாளக் கோடுகளைப் போட்டார். நடுவில் எஞ்சினுக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழியை வரைந்தார். கூரையில் நான்கு வட்டங்கள் போட்டு, "இவை மின்விசிறிகள்" என்றவர், சற்று யோசித்து அவற்றுள் இரண்டின் மேல் பெருக்கல் குறி போட்டார். "இந்த இரண்டும் நான் இருந்தவரை சுற்றினதே இல்லை." பிறகு கதவுகளை வரைந்தார். குளிர்காலத்தில் அவை மூடியே இருக்குமாம். அப்புறம் அவரே சொல்லத் தொடங்கினார். எஞ்சின்களின் குளிர்விக்கும் நீரில் உறையாமல் காக்கும் திரவம் கலப்பதில்லை என்பதால், பனிக்காலத்தில் அவற்றை அணைக்கவே முடியாது. நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய கதவுகளுக்குள் மூன்று எஞ்சின்கள் ஓட, குழிக்குள் நின்று வேலை. வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பாக வரும், மனைவி அந்தக் கைக்குட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாள் என்றார். அரை மணி நேரத்தில், வல்லுநர் கணக்கிடக்கூடிய அளவுக்கு ஒரு பணிமனை அந்தத் தாளில் எழுந்து நின்றது. ஓடாத இரண்டு விசிறிகள்தான் கவனக்குறைவுக்கான சான்றாகவும் ஆயின.

ஆகவே நோயோ சிகிச்சையின் களைப்போ தந்தையாரின் நினைவையும் பேச்சையும் தொடுவதற்கு முன் அவருடைய சாட்சியத்தைப் பதிவுசெய்வதே இந்த வழக்கில் மிக அவசரமான வேலை என்று கருதுகிறேன். வழக்குப் பதிவான உடனே, விசாரணைக்குக் காத்திராமல், இரு தரப்பு வழக்கறிஞர்கள் முன்னிலையில் காணொளியாக வாக்குமூலம் எடுத்துவைக்க முடியும். எழுதவே மனம் கூசுகிறது. ஆயினும் அவர் இல்லாத காலத்தில் ஜூரி அவருடைய முகத்தைப் பார்த்து, அவருடைய குரலைக் கேட்க அந்த ஒரு வழிதான் உண்டு. அதேபோல், அறுவையிலோ பயாப்சியிலோ எடுத்த திசு மாதிரிகளை அழிக்காமல் பாதுகாக்குமாறு மருத்துவமனைக்கு எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் அன்பாகப் பேசியவர் பெரும்பாலும், இழப்பீட்டுக் கோரிக்கைகளை நிறுவனத்துக்காகக் கையாளும் 'கிளெய்ம் ஏஜென்ட்' ஆக இருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் எடுக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்காக எடுக்கப்படுவது. "முதன்முதலில் எப்போது இருமல் வந்தது? டீசலால் இருக்குமோ என்று எப்போது நினைத்தீர்கள்?" என்ற இரண்டு எளிய கேள்விகள், நான் மேலே சொன்ன மூன்றாண்டுக் கடிகாரம் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிட்டது என்று காட்டப் போதும். வழக்கறிஞர் இல்லாமல் தந்தையார் அவரிடம் பேச வேண்டாம், மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதே வேளையில், தந்தையாருடன் வேலை பார்த்தவர்கள், இன்னும் அங்கே பணியில் இருப்பவர்கள்கூட, உண்மையைத் தங்கள் தரப்புக்குச் சொல்ல முன்வந்தால் அதைத் தடுக்கும் எந்த நிறுவன விதியும் செல்லாது. அதற்காக அவர்களைத் தண்டிப்பது குற்றம் என்று இச்சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. நண்பர்கள் தயங்கினால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

2018 பத்திரத்தைப் படிக்காமல் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கண்டு கைவிடவும் வேண்டாம். தன் பொறுப்பிலிருந்து நிறுவனம் தப்பிக்க ஏதுவாகும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று ஃபெலாவின் 55ஆம் பிரிவு சொல்கிறது. ஓய்வுத் திட்டத்தோடு சேர்த்து எழுதி வாங்கும் விடுவிப்புப் பத்திரங்கள் இதனால் முழுமையாகச் செல்லாதவை ஆகிவிடுமா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒரே அளவுகோலைக் கையாளவில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்த காயத்துக்கு மட்டுமே பத்திரம் செல்லும் என்று 1997இல் ஒரு நீதிமன்றம் கூறியது. காயம் அப்போது வெளிப்பட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த ஆபத்து கையெழுத்திட்டபோது இரு தரப்பும் அறிந்ததாக இருக்க வேண்டும் என்று 1998இல் இன்னொரு நீதிமன்றம் கூறியது. இரண்டாவது அளவுகோலின்படிகூட, உலகிலுள்ள எல்லா ரசாயனங்களின் பெயரையும் வரிசையாக அச்சடித்துக் கையெழுத்து வாங்குவது மட்டும் போதாது. தந்தையாருக்கு அந்த ஆபத்து உண்மையிலேயே விளக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அன்று எதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், அருகில் யார் இருந்தார்கள், வாங்கிய தொகை எதற்கு என்பதையெல்லாம் அவர் நினைவுகூரட்டும். இனிமேல் வரும் எந்தப் பத்திரத்திலும் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். அவர் உயிரோடு இருக்கும்போது முழு உரிமையையும் முடித்துக் கையெழுத்திட்டுவிட்டால், பின்னாளில் தாயாரோ தாங்களோ இறப்பு தொடர்பாகத் தனியாக எதையும் கோர முடியாது.

வட கரோலினாவில் வழக்குப் போடலாமா என்றால், பெரும்பாலும் இல்லை. 2017இல் பி.என்.எஸ்.எஃப். என்ற ரயில் நிறுவனம் சம்பந்தப்பட்ட பி.என்.எஸ்.எஃப். எதிர் டைரல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ரசாயனங்களால் சிறுநீரகப் புற்றுநோய் வந்து கணவர் இறந்தார் என்று ஒரு பெண் மான்டானாவில் வழக்குத் தொடுத்தார். கணவர் வேலை பார்த்ததோ வேறு மாநிலங்களில். மான்டானாவில் நிறுவனத்தின் ரயில்கள் ஓடுகின்றன என்பது மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். 2023இல் மாலரி வழக்கில், ஓஹையோவிலும் வர்ஜீனியாவிலும் வேலை பார்த்துக் குடல் புற்றுநோய் கண்டவர் பென்சில்வேனியாவில் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது, அங்கே பதிவுசெய்யும் நிறுவனங்கள் எந்த வழக்குக்கும் கட்டுப்பட வேண்டும் என்ற அம்மாநிலத்தின் தனிச்சட்டத்தைப் பொறுத்தது. தங்களுக்கு இந்தச் சிக்கலே வேண்டாம். வேலை நடந்த இல்லினாயின் மாநில நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்; ஃபெலா வழக்கை அங்கிருந்து கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

எஞ்சினையோ பிரேக் கட்டையையோ தயாரித்த நிறுவனங்கள் மேல் தனியாக வழக்குத் தொடரும் வழி, 2012இல் கர்ன்ஸ் தீர்ப்போடு பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. தண்டனைத் தொகை என்று கூடுதலாக எதுவும் ஃபெலாவில் கிடையாது. துணையை இழந்த வேதனைக்கென்று தாயாருக்குத் தனி இழப்பீடும் இல்லை. அது எனக்கு நியாயமாகத் தோன்றியதே இல்லை என்றாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. ரயில் ஓய்வூதிய வாரியத்திலிருந்து வரும் ஓய்வூதியம் வழக்கால் பாதிக்கப்படாது. ஆனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், தான் செலவழித்த மருத்துவத் தொகையைத் தீர்வுத் தொகையிலிருந்து திரும்பக் கேட்கும். வழக்கறிஞர் கட்டணம் பொதுவாக வென்றால் மட்டும் ஒரு பங்கு என்ற முறையில் இருக்கும். வல்லுநர்களின் செலவைத் தோற்றால் யார் ஏற்பது, இவர் தாமே ஜூரி முன் ஃபெலா வழக்கு நடத்தியவரா, அல்லது கோப்புகளைச் சேர்த்து வேறொருவருக்கு அனுப்புபவரா என்ற கேள்விகளைக் கையெழுத்திடும் முன் கேளுங்கள். தந்தையாரின் தொழிற்சங்கத்துக்கென்று பரிந்துரைக்கப்பட்ட வழக்கறிஞர்கள் இருப்பார்கள்; அங்கிருந்து தொடங்குவது நல்லது. பொதுவாக எழுதும் இந்தப் பதில், ஆவணங்களைப் பார்த்து அவர்கள் சொல்லும் ஆலோசனைக்கு ஈடாகாது.

கடைசியாகத் தந்தையாரின் கேள்வி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பவர் அவர். அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன். அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிறுவனம் அவருக்குச் சோறு இலவசமாகப் போடவில்லை என்பதை அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். குழிக்குள் நின்று அவர் செய்த வேலைக்குக் கொடுத்த கூலி அது. அந்தக் கூலியில் நுரையீரலின் விலை சேரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான ரயில் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1908இல் இந்தச் சட்டத்தை இயற்றியவர்கள், தொழிலாளியின் உடலுக்கு நேரும் சேதத்தை அவர் குடும்பம் தனியே சுமக்கக் கூடாது, தவறிய நிறுவனம் அதை ஏற்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். ஆபத்து என்று தெரிந்தே வேலைக்கு வந்தான் என்ற எதிர்வாதத்தையும் 1939இல் அடியோடு நீக்கினார்கள். தந்தையார் கேட்கப்போவது சலுகை அன்று. அவர் வேலையில் சேர்ந்த நாளிலேயே அவருக்கு இருந்த உரிமை. இதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், முடிவு அவருடையது. தாங்கள் வற்புறுத்த வேண்டாம். ஆனால் உண்மைகளைக் கேட்டபின் எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சற்றுத் தெம்பாக இருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் வைத்து, ஷெட்டை வரையச் சொல்லுங்கள். தாளின் மேல் "வழக்கறிஞருக்காக" என்று எழுதி, கீழே தேதி போடுங்கள். வாட்ஸ்அப் குழு எதிலும் பகிர வேண்டாம். கதவுகள் எங்கே, விசிறிகள் எங்கே, அவர் நின்ற இடம் எது, யாருடன் நின்றார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவரே சொல்லத் தொடங்குவார்.